வெளியாளுக்குச் சோறு, போனவருக்குக் கதவடைப்பா? நீலகிரிக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டில் ஒருவர் மதம் மாறிவிட்டார், சபையை விட்டு வந்துவிட்டார், அல்லது எந்தச் சாமியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மற்றவர்கள் இனி அவரோடு எப்படிப் பழகுவது? குன்னூர், கோத்தகிரி, கேத்தி, கூடலூர் பக்கத்துக் குடும்பங்கள் இதைப் பற்றி என்னிடம் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்து வைக்கிறேன். நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். வக்கீலோ போதகரோ ஆலிமோ (இஸ்லாமிய மார்க்க அறிஞரோ) இல்லை. என் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் கோயிலுக்கும் பாதிப்பேர் சர்ச்சுக்கும் போகிறவர்கள், அதனால் இரண்டு பக்கத்துப் பேச்சும் காதில் விழும். கேட்டவர்கள் யார் என்று தெரிந்துவிடாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பிற மதத்தாருக்கு இவ்வளவு செய்கிற எங்கள் சபை, விலகிப் போன என் தம்பியிடம் மட்டும் பேசாதே என்கிறதே, ஏன்?

2009 நவம்பரில் மலை சரிந்தபோது இந்த மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வாரம் சோறு வடித்தவரும் கம்பளி கொடுத்தவரும் வாங்குகிறவர் நெற்றியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அது நிஜமான இரக்கம்தான், நான் குறை சொல்லவில்லை.

ஆனால் வெளியாளுக்கு இரங்குவது சுலபம். அவர் நம் நம்பிக்கைக்குள் வந்ததே இல்லை, அதனால் அவர் நம்பாததில் நமக்கு உறுத்தல் ஒன்றும் கிடையாது. போனவர் கதை வேறு. பத்து வருஷம் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அதே பாட்டைப் பாடியவர். அவர் எழுந்து போனது, இருக்கிறவர்களைப் பார்த்து 'நீங்கள் ஏன் இன்னும் இருக்கிறீர்கள்?' என்று கேட்பது மாதிரி ஆகிவிடுகிறது. அவரோடு யாரும் பேசாவிட்டால் அந்தக் கேள்வி காதில் விழாது.

'பேசாதே' என்பது உங்கள் தம்பிக்குப் போட்ட தண்டனை போலத் தெரியும். அவர்தான் உத்தரவுக்கு எட்டாத தூரம் போய்விட்டாரே! அது உங்களுக்குப் போட்ட உத்தரவு, முக்கியமாக உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு. நீ போனாலும் இதுதான் நடக்கும் என்று அவர்கள் கண்ணெதிரே காட்டுகிறார்கள்.

நான் எல்லாரிடமும் சொல்வது ஒன்றுதான். போனவரைச் சொந்தக்காரராக நடத்த மனம் வரவில்லையா? சரி, வெளியாளாகவாவது நடத்துங்கள். வழிப்போக்கருக்கு என்ன மரியாதை தருவீர்களோ அதை அவருக்கும் கொடுங்கள். இது பெரிய கோரிக்கை இல்லை.

'அப்படிப்பட்டவனுடனே புசிக்கவும் கூடாது' என்று வேதத்திலேயே இருக்கிறது என்கிறார்கள். உண்மையா?

இருக்கிறது. 1 கொரிந்தியர் 5-ஆம் அதிகாரம், 11-ஆம் வசனம். மேடையில் அந்த ஒரு வசனத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். 9-இலிருந்து 13 வரை ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள்.

அந்தக் கடிதத்தை எழுதிய பவுல் அங்கே இரண்டு வகை ஆட்களைப் பிரிக்கிறார். உலகத்தில் இருக்கிற பேராசைக்காரர், விக்கிரக வணக்கக்காரர் இவர்களோடு பழகாதே என்று நான் சொல்லவில்லை, அப்படியானால் நீங்கள் உலகத்தை விட்டே போக வேண்டியிருக்கும் என்கிறார். பிறகு, 'சகோதரன்' என்ற பெயரை வைத்துக்கொண்டே குடிவெறியனாகவும் கொள்ளைக்காரனாகவும் இருக்கிறவனோடு சாப்பிடாதே என்கிறார். வெளியே இருக்கிறவர்களைத் தேவன் தீர்ப்பார், அது நம் வேலை இல்லை என்று முடிக்கிறார்.

உங்கள் தம்பி இதில் எந்த வகை? அவர் 'நான் இனி உங்கள் சகோதரன் இல்லை' என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பெயரை வைத்துக்கொண்டு ஏமாற்றவில்லை. அந்த அதிகாரத்தின் கணக்குப்படியே அவர் வெளியே இருக்கிறவர். அவரோடு உட்கார்ந்து சாப்பிட அந்த வசனம் தடை இல்லை. சபைக்குள்ளேயே இருந்துகொண்டு வட்டிக்கு விட்டு ஏழைகளின் தோட்டத்தை எழுதி வாங்குகிறவரோடு சாப்பிடுவதற்குத்தான் தடை. அவரைப் பெரும்பாலும் முதல் பந்தியில் பார்க்கிறேன்.

மத்தேயு 18?

சொல்லியும் கேட்காதவன் 'அஞ்ஞானியைப்போலவும் ஆயக்காரனைப்போலவும் இருப்பானாக' என்கிற இடம்தானே? ஆயக்காரர்களை, அதாவது வரி வசூலிப்பவர்களை, இயேசு எப்படி நடத்தினார் என்பது அதே நூல்களில் இருக்கிறது. சகேயு என்ற ஆயக்காரர் மரத்திலிருந்து இறங்கியதும் அவர் வீட்டிற்கே தங்கப் போனார். அந்தச் சுவிசேஷத்துக்குப் பெயர் கொடுத்த மத்தேயுவே ஆயத்துறையில் உட்கார்ந்திருந்தவர். இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

2 யோவானில் 'வீட்டில் ஏற்றுக்கொள்ளாதே, வாழ்த்தும் சொல்லாதே' என்று இருப்பதையும் காட்டுவார்கள். அது வேறு உபதேசத்தைக் கொண்டுவந்து கற்பிக்கிறவரைப் பற்றியது. பொங்கலுக்கு அம்மாவைப் பார்க்க வருகிற மகனைப் பற்றியது இல்லை. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்வதை ஏனோ இந்தப் பேச்சில் யாரும் எடுப்பதே இல்லை.

யெகோவாவின் சாட்சிகள் சபைநீக்கம் செய்தால் சொந்தக்காரரும் பேசக் கூடாதாமே?

அது அந்தக் கிறிஸ்தவப் பிரிவினர் வெளிப்படையாகவே கடைப்பிடிக்கும் முறை. ஞானஸ்நானம் எடுத்த பிறகு கடும் தவறு செய்து வருந்தாதவரையும், தானாக விலகுவதாக அறிவித்தவரையும் மற்றவர்கள் ஒதுக்கி வைப்பார்கள். ஒரே கூரையின் கீழ் இருக்கும் கணவன், மனைவி, பிள்ளைகளின் உறவு தொடரும், வழிபாடு மட்டும் சேர்ந்து இருக்காது. தனி வீட்டில் இருக்கும் அண்ணன் தம்பி, வளர்ந்த பிள்ளைகள் விஷயத்தில்தான் வலி அதிகம். 2024-இல் கொஞ்சம் தளர்த்தினார்கள்: நீக்கப்பட்டவர் கூட்டத்துக்கு வந்தால் சுருக்கமாக வணக்கம் சொல்லலாம், கூட்டத்துக்கு வரச்சொல்லி அழைக்கலாம். நீண்ட பேச்சு, விருந்து இவை இன்னும் இல்லை.

இதே மக்களுக்காகத்தான் 1986-இல் உச்ச நீதிமன்றம் ஒரு அருமையான தீர்ப்பு எழுதியது. கேரளாவில் தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து நின்ற மூன்று பிள்ளைகளைப் பள்ளியை விட்டு நீக்கினார்கள். அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் குடும்பம். பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்ன நீதிபதி சின்னப்ப ரெட்டி, நம் மரபு சகிப்பைக் கற்றுத்தருகிறது, அதில் தண்ணீர் கலக்க வேண்டாம் என்ற கருத்தில் எழுதினார். கூட்டத்தோடு சேர்ந்து பாட மறுத்த பிள்ளைகளைப் பெரும்பான்மை பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. தன் சபையோடு சேர்ந்து பாட மறுத்த ஒரு பிள்ளைக்கும் அதே பொறுமையைக் கேட்கலாம் அல்லவா?

கத்தோலிக்கர்?

விசுவாசத்தை மறுதலித்தவருக்குத் திருச்சபைச் சட்டத்தில் தண்டனை உண்டு, ஆனால் அது நற்கருணை போன்ற திருவருட்சாதனங்கள், திருச்சபைப் பொறுப்புகள் இவற்றோடு நின்றுவிடும். பழைய 1917 சட்டத் தொகுப்பில் 'விலகி நிற்க வேண்டியவர்' என்று ஒரு பிரிவு இருந்தது. 1983 தொகுப்பில் அது இல்லை. பேசாதே, சாப்பிடாதே என்று எந்தச் சாமியாராவது சொன்னால் எந்த விதிப்படி என்று கேளுங்கள்.

நாங்கள் முஸ்லிம் குடும்பம். என் மகன் தொழுகையை விட்டுவிட்டான், 'எனக்கு நம்பிக்கை இல்லை வாப்பா' என்கிறான். ஜமாஅத்துக்குத் தெரிந்தால் ஊர்விலக்கு போடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

முதலில் பயத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஜமாஅத் ஊர்விலக்கு போட்டால் நடைமுறையில் அடைபடுவது இரண்டு: கல்யாணப் பதிவேடு, மையவாடி (அடக்கம் செய்யும் இடம்). கல்யாணத்துக்கு 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது, சார்பதிவாளர் அலுவலகத்தில் 30 நாள் அறிவிப்புக் கொடுத்துப் பதியலாம். அடக்கத்தைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

மார்க்கத்தைப் பற்றிக் கேட்டால், பழைய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) நூல்களில் முர்தத்துக்கு, அதாவது மார்க்கத்தை விட்டவருக்கு, கடுமையான தீர்ப்பு உண்டு, அதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை. இன்றைய அறிஞர்களுக்குள் அதில் பெரிய கருத்து வேறுபாடு உண்டு. எது எப்படியானாலும் இந்தியாவில் எந்த ஜமாஅத்துக்கும் யாரையும் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது.

நீங்கள் வாப்பாவாக என்ன செய்வது என்பதற்கு குர்ஆனில் லுக்மான் அத்தியாயத்தின் 15-ஆம் வசனத்தைப் பாருங்கள். இறைவனுக்கு இணைவைக்கச் சொல்லிப் பெற்றோர் வற்புறுத்தினால் அதில் கட்டுப்பட வேண்டாம், ஆனால் உலக வாழ்வில் அவர்களோடு நல்லபடியாக இரு என்று அது சொல்கிறது. அபூபக்கரின் மகள் அஸ்மா, இஸ்லாத்துக்கு வராத தன் தாய் தன்னைப் பார்க்க வந்தபோது உறவு பாராட்டலாமா என்று நபியிடம் கேட்டதும், பாராட்டு என்று அவர் சொன்னதும் புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. இவை நம்பாத பெற்றோரைப் பற்றியவை, உங்களுடையது நம்பாத பிள்ளை. ஆலிம்கள் அந்த வித்தியாசத்தைச் சொல்வார்கள். சொல்லட்டும். இருந்தாலும் வழிபாட்டில் உடன்பாடு இல்லாதபோதும் ஒரே வீட்டில் நல்லபடியாக இருக்க முடியும் என்ற வழி அங்கே திறந்திருக்கிறது. அந்த வழியில் எதிர்ப்பக்கமிருந்து நடந்து வர ஒரு தகப்பனுக்குத் தடை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: மகன் உங்களிடம் சொன்னதைப் பள்ளிவாசலில் நீங்களே போய்ச் சொல்லாதீர்கள். 2017 மார்ச்சில் கோயம்புத்தூரில், இஸ்லாத்தை விட்டு இறைமறுப்பாளரான ஓர் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். திராவிடர் விடுதலைக் கழகத்தில் இருந்தவர். இப்படிப்பட்டது அபூர்வம். அபூர்வம் என்பதற்காக அஜாக்கிரதையாக இருக்க முடியாது.

எங்கள் மதத்தில் இந்த வம்பே இல்லை. இந்துக்கள் யாரையும் ஒதுக்குவதில்லையே?

இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஊர் வரி கட்டிப் பழகாதவர்கள். மதத்தின் பெயரால் ஒதுக்குவதில்லை, ஊர்க்கட்டுப்பாட்டின் பெயரால் ஒதுக்குகிறோம். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்க வருகிறவர் ஒரு வீட்டை மட்டும் தாண்டிப் போவார். காசு மிச்சம் என்று வெளியூர்க்காரர் நினைப்பார். அந்த வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும், இனி கல்யாணத்துக்கு ஆள் வராது, சாவுக்குத் தூக்க ஆள் வராது என்று.

இந்த மலையிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. 1840-களில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பு கேத்திக்கு வந்தது. படகர்களில் முதல் ஆள் ஞானஸ்நானம் எடுத்தது 1858-இல். வருஷக் கணக்காகப் பள்ளிக்கூடம், மருந்து என்று மிஷன்காரர்களோடு பழகிய ஹட்டிகள் (படகர் ஊர்கள்), தங்கள் ஆள் ஒருவர் மாறியதும் சும்மா இருக்கவில்லை. வெள்ளைக்கார போதகருக்கு வீட்டு வாசலில் மோர் கிடைக்கும், மாறிய அண்ணன் மகனுக்குப் பந்தியில் இடம் கிடைக்காது. மாறியவர்கள் தனிக் குடியிருப்பாகப் போனார்கள். அவர்களின் சந்ததி இன்று கேத்தியிலும் கோத்தகிரியிலும் இருக்கிறது. இரு பக்கத்துக்கும் குலம் தெரியும், முறை தெரியும், 'அவர் எங்களுக்கு மாமன் முறை' என்று சொல்லவும் செய்கிறார்கள். கொள்வினை கொடுப்பினை என்று வரும்போதுதான் தொண்டை அடைக்கிறது.

சைவ மரபிலேயே பெரியபுராணம் சொல்லும் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அப்பர் என்று பெயர் பெற்ற மருள்நீக்கியார் சமணத்துக்குப் போய்த் தருமசேனர் என்ற பெயரோடு பெரிய ஆளாக இருக்கிறார். அக்கா திலகவதியார் திருவதிகையில் கோயிலைப் பெருக்கி மெழுகிக்கொண்டு இருக்கிறார். தம்பி போய்விட்டானே என்று அழுகிறார், ஆனால் கதவைச் சாத்தவில்லை. சூலை நோய் வந்து அவர் ராத்திரியில் வந்து நின்றபோது, ஏன் போனாய் என்று கேட்காமல் திருநீறு கொடுத்துக் கூட்டிப் போகிறார். அதே கதையில் அந்தத் தம்பி விட்டு வந்த பக்கத்தார் என்ன செய்தார்கள்? நீற்றறை, நஞ்சு, யானை, கல்லைக் கட்டிக் கடல். போனவருக்கு என்ன செய்யலாம் என்பதற்கு இரண்டு வழியும் ஒரே கதையில் இருக்கிறது. இது சைவர் எழுதிய கதை, சமணர் எழுதியிருந்தால் வேறு மாதிரி இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. மதுரையில் சமணரைக் கழுவேற்றியதாகவும் இதே மரபுதான் சொல்கிறது.

'கண்டிப்பு இருந்தால்தான் திரும்பி வருவான், அன்பினால்தான் ஒதுக்குகிறோம்' என்கிறார் என் மாமியார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை.

பொய் இல்லை என்று நானும் நம்புகிறேன். நரகம் உண்மை என்று நம்புகிற ஒருவருக்கு, தன் பிள்ளை அதை நோக்கி நடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் கொடுமையாகத் தெரியும். அவர் ஒதுக்குவது கல்நெஞ்சத்தால் இல்லை, ராத்திரி தூங்காமல் இருப்பதும் அவர்தான். இந்த அழுகையைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் ஒதுக்கியதால் திரும்பி வந்தவர்களைக் கவனியுங்கள். அம்மாவைப் பார்க்க, பேரப்பிள்ளைகள் தாத்தாவிடம் போக, தங்கை கல்யாணம் தடைபடாமல் இருக்க வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து உட்காருகிறார்கள், வாய் அசைகிறது. உங்கள் மாமியார் கேட்டது இதைத்தானா? மெதுவாக, சண்டையில்லாத ஒரு நாளில் கேளுங்கள். பவுலும் அடுத்த கடிதத்தில், தண்டித்தது போதும், அவன் துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறார் (2 கொரிந்தியர் 2). அதையும் சேர்த்துப் படித்துக் காட்டலாம்.

நான்தான் வெளியே வந்தவன். என் பக்கம் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

நிறைய. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவர்கள் சாமியைப் பற்றி மீம் போடாதீர்கள். ஜெபம் பண்ணும்போது எழுந்து போகாதீர்கள், கண்ணை மூட வேண்டாம், சும்மா உட்காருங்கள். பிரசாதம் கொடுத்தால் சாப்பிட வேண்டியதில்லை. கையில் வாங்கினால் ஒன்றும் குறைந்துவிடாது என்பது என் அபிப்பிராயம், உங்கள் மனசாட்சி வேறு சொன்னால் மரியாதையாகச் சொல்லி மறுங்கள்.

மஜ்ஜிம நிகாயம் என்ற பௌத்த நூலில் உபாலி என்ற நாளந்தாவின் பணக்காரர் கதை வருகிறது. நிகண்டர்களின், அதாவது சமணத் துறவிகளின் பெரிய புரவலர் அவர். புத்தரோடு வாதம் செய்யப் போய், புத்தரையே ஏற்றுக்கொண்டுவிடுகிறார். அப்போது புத்தர் சொல்வது: உன் வீடு வெகுகாலம் நிகண்டர்களுக்குத் தண்ணீர்த் துறையாக இருந்திருக்கிறது, அவர்கள் வந்தால் சோறு போடுவதை நிறுத்திவிடாதே. புதிதாக வந்த ஆளைப் பழைய ஆட்களிடமிருந்து வெட்டிவிடாமல் இருந்திருக்கிறார். இப்போது புதிய சபைகளில் சிலவற்றில் நேர்மாறாகச் சொல்கிறார்கள்: உன் அப்பா வீட்டுப் பொங்கலைத் தொடாதே, திவசச் சோறு உண்ணாதே. போனவரை ஒதுக்குவதைப் பற்றிப் பேசும்போது, போனவர் இருப்பவர்களை ஒதுக்குவதையும் பேச வேண்டும். கூடலூர்ப் பக்கத்து ஓர் அம்மா என்னிடம், "அவன் மாறினதுல வருத்தம் இல்லை சார், என் கையால ஒரு வாய் சாப்பிட மாட்டேங்கறான்" என்றார்.

கல்யாணப் பத்திரிகை விஷயத்தில் என்ன செய்வது?

நேரில் போய்க் கொடுங்கள். கோத்தகிரிப் பக்கம் ஒரு கல்யாணம். பக்கத்து வீட்டு பாய் வீட்டுக்கு, தட்டில் வெற்றிலை பாக்கு, ஆரஞ்சு, மஞ்சள் தடவிய பத்திரிகை வைத்துக் கணவனும் மனைவியுமாகப் போய், உட்கார்ந்து, டீ குடித்துவிட்டு அழைத்தார்கள். மாப்பிள்ளையின் சொந்தச் சித்தப்பா வேறு சபைக்குப் போனவர். அவருக்குப் பத்திரிகையின் போட்டோ வாட்ஸ்அப்பில் வந்தது, கீழே ஒரு வரிகூட இல்லாமல். அவர் அதை என்னிடம் காட்டினார். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற இடத்தைக் கட்டைவிரலால் பெரிதாக்கி, பெயர்ப் பட்டியலை மேலும் கீழுமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். அண்ணன் பெயர் இருந்தது, தங்கை பெயர் இருந்தது, பெங்களூரில் இருக்கிற ஒன்றுவிட்ட மச்சான் பெயர்கூட இருந்தது. "பிரிண்ட்ல விட்டுப் போயிருக்கும்" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

பெயரைப் போடுங்கள். பத்திரிகையில் ஒரு பெயர் சேர்ப்பதால் யாருடைய விசுவாசமும் குறைவதில்லை.

சாவுக்குப் போகலாமா? அவர்கள் நம் சாவுக்கு வரலாமா?

போக வேண்டும், வர வேண்டும். இதில் இரண்டாவது பேச்சு கிடையாது என்பது என் கருத்து. சடங்கில் கலந்துகொள்ள முடியாதவர் வெளியே நிற்கலாம், மாலை போட மனம் இல்லாதவர் கையெடுத்துக் கும்பிடலாம், அதுவும் முடியாவிட்டால் நாற்காலி எடுத்துப் போடலாம். நிற்கிறவரைக் கவனிப்பது இருக்கிறவர்கள் பொறுப்பு. சாவு வீட்டில் பேப்பர் கப்பில் டீ கொண்டு வருகிற பையன், பெரியவர்கள் யாரைத் தாண்டிப் போகிறார்களோ அவரைத் தாண்டித்தான் போவான். அவன் கையிலிருந்து ஒரு கப்பை வாங்கி நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். கூட்டம் முழுக்கப் பார்க்கும். அடுத்த தடவை பையன் தாண்டிப் போக மாட்டான்.

அடக்கம் எங்கே என்பதுதான் கஷ்டமான கேள்வி. 2025 ஜனவரியில் சத்தீஸ்கரிலிருந்து ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கிறிஸ்தவராக மாறிய குடும்பத்தில் ஒரு போதகர் இறந்தார், சொந்தக் கிராமத்தில் புதைக்க ஊரார் விடவில்லை, உடல் 20 நாட்களாக சவக்கிடங்கில் கிடந்தது. இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். கடைசியில் 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் கிறிஸ்தவக் கல்லறையில் அடக்கம் செய்ய உத்தரவானது. உயிரோடு இருக்கும்போதே பேசி வைத்துக்கொள்வதன் அவசியம் இதிலிருந்து புரியும். சபையின் கல்லறைத் தோட்டமும் ஜமாஅத்தின் மையவாடியும் அவரவர் நிர்வாகத்தில் இருப்பவை, விதி சொல்வார்கள். நகராட்சி, ஊராட்சி மயானம் எல்லாருக்கும் பொது. எங்கே, எந்த முறையில் என்று ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். அப்பா இறந்த அன்று அண்ணன் தம்பி வாசலில் நின்று சண்டை போடுவது எந்த மதத்துக்கும் அழகில்லை.

மதம் மாறினால் அப்பா சொத்தில் பங்கு போய்விடுமா?

மாறியவரின் பங்கு போகாது. இந்து அப்பா உயில் எழுதாமல் இறந்தால், கிறிஸ்தவரான மகனுக்கும் மற்றவர்களைப் போலவே பங்கு உண்டு. ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 26-இல் ஒரு கொக்கி இருக்கிறது, அது பலருக்கும் தெரியவில்லை. மாறிய பிறகு அவருக்குப் பிறந்த பிள்ளைகள், அந்த இந்து உறவினர்களிடமிருந்து வாரிசாகப் பெற முடியாது, சொத்து கைமாறும் நேரத்தில் அவர்கள் இந்துவாக இருந்தால் ஒழிய.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தம்பி 2005-இல் மாறுகிறார். 2003-இல் ஒரு மகள், 2008-இல் ஒரு மகன். தாத்தா இறக்கும்போது தம்பி உயிரோடு இருந்தால் சிக்கல் இல்லை, பங்கு அவருக்கு வந்து, பிறகு அவர் பிள்ளைகளுக்குப் போகும். தம்பி தாத்தாவுக்கு முன்பே இறந்துவிட்டால், 2003-இல் பிறந்த மகளுக்கு உரிமை உண்டு, 2008-இல் பிறந்த மகனுக்கு இல்லை. ஒரே வீட்டில் அக்காவுக்கு உண்டு, தம்பிக்கு இல்லை! தாத்தா தன் சுயசம்பாத்தியத்துக்கு ஒரு உயில் எழுதி வைத்தால் தீர்ந்தது. கூட்டுப் பட்டாவில் கிடக்கும் தேயிலைத் தோட்டமாக இருந்தால் முதலில் வக்கீலைப் பாருங்கள்.

கிறிஸ்தவர்களின் வாரிசுரிமையில், அதாவது 1925 சட்டத்தில், மதம் தடையில்லை. முஸ்லிம் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத வாரிசுகளின் சம்மதம் வேண்டும், ஆகவே அங்கும் வக்கீல்தான்.

சாதிச் சான்றிதழ்?

பட்டியல் சாதியினர் கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ மாறினால் அந்தத் தகுதி போய்விடும். 1950-ஆம் ஆண்டு ஆணை அப்படி. சீக்கியரை 1956-இலும் பௌத்தரை 1990-இலும் சேர்த்தார்கள். கிறிஸ்தவ ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடியினருக்கு மதம் மாறினாலும் தகுதி மாறாது. இந்த ஒரு ஆணையால்தான் சர்ச்சில் பத்து வருஷம் பாடியவர் சான்றிதழில் இந்துவாக இருக்கிறார், இரு பக்கமும் அவரைச் சந்தேகமாகப் பார்க்கிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரி வழக்கு ஒன்றில் இதைக் கண்டித்திருக்கிறது. பழியை அந்தக் குடும்பங்கள் மேல் மட்டும் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மகன் மதம் மாறிவிட்டான், இனி எங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டிய கடமை அவனுக்கு இல்லையா? நாங்கள் கேட்கலாமா?

கேட்கலாம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007 எல்லா மதத்துக்கும் பொது. ஊட்டி, குன்னூர், கூடலூர் என்று உங்கள் கோட்டத்து ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுங்கள், வக்கீல் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். நீங்கள் அவனை வீட்டுக்குள் விடவில்லை என்பதால் அவன் கடமை தீர்ந்துவிடாது. வாசலில் நிறுத்திப் பணம் வாங்குவது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஊர் ஒதுக்கினால் போலீசில் புகார் கொடுக்க முடியுமா?

மகாராஷ்டிராவில் சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கி 2016-இல் தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அப்படி ஒன்று இல்லை. பட்டியல் சாதி, பழங்குடியினரை மற்ற சாதியார் புறக்கணித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு உண்டு. மற்றவர்களுக்கு, மிரட்டல் இருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 351. கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று தமிழ்நாட்டு வழக்கிலேயே 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆனால் 'எங்கள் திருவிருந்தில் உனக்கு இடம் இல்லை' என்று ஒரு சபை சொல்வதை நீதிமன்றம் எளிதில் தொடாது. போரா என்ற முஸ்லிம் பிரிவில் போலத் தலைவர்கள் போடும் மதவிலக்கைத் தடுக்க 1949-இல் பம்பாயில் போட்ட சட்டத்தை 1962-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, மதத் தலைவரின் விலக்கும் உரிமை மத சுதந்திரத்தில் அடங்கும் என்று. அந்தத் தீர்ப்பை மறுபடி பார்க்க 2023-இல் 9 நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வழிபாட்டிலிருந்து விலக்குவது ஒன்று, ரேஷன் கடை வரிசையிலும் குழாயடியிலும் விலக்குவது வேறு. இரண்டாவதற்குக் கட்டாயம் புகார் கொடுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள், 15100-க்கு அழைக்கலாம். மனது தாங்கவில்லை என்றால் 14416, டெலி-மானஸ் என்ற மனநல உதவி எண். தமிழில் பேசுவார்கள்.

மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள்.

செய்த தப்புக்கு எழுதலாம். நம்பாததற்கு எழுத வேண்டாம்.

பேரப்பிள்ளைகளைப் பாட்டி கோயிலுக்குக் கூட்டிப் போகலாமா?

பெற்றவர்களைக் கேட்டுவிட்டு. கேட்காமல் கூட்டிப் போய், 'அப்பாகிட்டச் சொல்லாதே' என்று பிள்ளையிடம் சொன்னால், பிள்ளை பக்தியைக் கற்காது, மறைக்கத்தான் கற்கும்.

நாலு வருஷம் கழித்து அண்ணனை வீட்டுக்குக் கூப்பிடலாம் என்று இருக்கிறோம். எப்படி ஆரம்பிப்பது?

போனில் கூப்பிடுங்கள், மெசேஜ் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் பண்டிகை நாளும் தவிர்த்து ஏதாவது ஒரு நாள். அண்ணி, பிள்ளைகள் எல்லாரையும் பெயர் சொல்லி அழையுங்கள். அவர் இப்போது எதைச் சாப்பிடுவதில்லை என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வந்த அன்று பாஸ்டரையோ ஐயரையோ 'தற்செயலாக' வரவழைக்காதீர்கள், இதைச் செய்து கெடுத்தவர்களை எனக்குத் தெரியும். பேச்சுக்குப் பச்சைத் தேயிலை விலை இருக்கிறது, கரடி தோட்டத்துக்குள் வந்த கதை இருக்கிறது, அம்மாவின் முட்டி வலி இருக்கிறது. மதப் பேச்சை அவரே எடுத்தால் கேளுங்கள், பதில் சொல்ல அவசரம் வேண்டாம். கிளம்பும்போது அடுத்து எப்போது வருவார் என்று தேதியோடு கேட்டு வையுங்கள். 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டால் இன்னும் நாலு வருஷம் ஆகும்.